டோனர் கார்: எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள்

பிரிட்டனில் வீட்டு கராஜில் லோட்டஸ் செவன் பாணியில், கதவும் கூரையும் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த எஞ்சின் போடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பதே என் பதில். எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் இரண்டு வருடம் கழித்துக்கூட இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம். புது மவுண்ட், பெல்ஹவுசிங், எக்ஸாஸ்ட் என்று செலவாகும், ஆனால் நடக்கும். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை அப்படி மாற்ற முடியாது. சேஸியின் பின்பக்கக் குழாய்களே அதன் அகலத்துக்குத்தான் வெல்டு செய்யப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் விஷ்போன் கைகள், சக்கரம் மாட்டப்படும் ஹப்பின் அளவுக்குச் செய்யப்பட்டிருக்கும். டோனரின், அதாவது பாகங்களுக்காக வாங்கும் பழைய காரின், பதிவுப் புத்தகத்தை ஒருமுறை கைநழுவ விட்டால் பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே பின் அச்சு, ஹப், காகிதம் இந்த மூன்றையும் பார்த்துத்தான் டோனர் காரை முடிவு செய்யவேண்டும்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. கிட் கம்பெனி தருவது குழாய்ச் சட்டகம், ஃபைபர் கிளாஸ் மூக்கும் மட்கார்டும், அலுமினியத் தகடுகள், விஷ்போன்கள், ஷாக் அப்சார்பர்கள் இவ்வளவுதான். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட், ஹப், பிரேக், ஸ்டீயரிங், வயரிங் எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து வரும். அந்தப் பழைய கார்தான் டோனர். ஆயிரம் கிலோ எடையுள்ள குடும்பக் காரின் பாகங்களை 600, 650 கிலோ வண்டியில் மாட்டுகிறோம். இதில் வரும் லாபமும் தொல்லையும் ஏறக்குறைய எல்லாமே இந்த எடை வித்தியாசத்திலிருந்து பிறப்பவை.

லோட்டஸ் செவனின் கதையே இதற்குச் சாட்சி. 1957-ல் காலின் சாப்மன் அதைக் கொண்டுவந்தபோது, முழு வண்டிக்கு இருந்த கொள்முதல் வரி கிட்டாக விற்றால் இல்லை என்பதால்தான் அது பெட்டியில் வந்தது. முதல் வரிசை (சீரிஸ் 1) வண்டிகளுக்கு நாஷ் மெட்ரோபாலிட்டனின் பின் அச்சு. இரண்டாவது வரிசைக்கு ஸ்டாண்டர்டு கம்பானியன் என்ற சின்ன எஸ்டேட் காரின் அச்சு. அந்த அச்சை ஏ வடிவச் சட்டம் ஒன்று டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் பிடித்துக்கொண்டது. அந்தக் கூடு இப்படி இழுபடுவதற்காக வார்க்கப்பட்டதல்ல, அதனால் ஆயில் கசிந்தது. 1968-ல் மூன்றாவது வரிசை ஃபோர்டு எஸ்கார்ட் அச்சுக்கு வந்தது. 1973-ல் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம், எஸ்கார்ட் அச்சு கிடைக்காமல் போனதும் மோரிஸ் ஐடல் அச்சுக்குத் தாவியது. 1980-களின் நடுவில் டிஃபரன்ஷியலைச் சட்டகத்தில் நிறுத்தி, சக்கரங்களை மட்டும் ஒரு குழாயால் இணைக்கும் டி டியோன் அமைப்புக்கு மாறியபோது ஃபோர்டு சியரா டிஃபரன்ஷியலை எடுத்தது, பிறகு பிஎம்டபிள்யூவுக்குப் போனது. இத்தனை வருடமும் எஞ்சின் விஷயத்தில் கம்பெனிக்குப் பல வழிகள் இருந்தன. பின் அச்சு விஷயத்தில்தான், பெரிய கம்பெனி எதை உற்பத்தி செய்கிறதோ அதற்கேற்ப சட்டகத்தைத் திருத்த வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்கே இந்த நிலை என்றால் கராஜில் கட்டுகிறவர் முதலில் எதைப் பார்க்கவேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தில் தொடங்குவோம்

பிரிட்டனில் வாகனப் பதிவைப் பார்த்துக்கொள்வது டி.வி.எல்.ஏ. கிட் கம்பெனியின் புதுச் சேஸியோடு, ஒரே டோனர் காரிலிருந்து குறைந்தது இரண்டு பெரிய பாகங்கள் வந்திருப்பதாகக் காட்டினால், டோனரின் வயதுக்கேற்ற பதிவு எண் கிடைக்கும். ஒரே காரிலிருந்து வந்ததாகக் காட்ட முடியாவிட்டால் கியூ எழுத்தில் தொடங்கும் எண்தான். கியூ எண் வண்டியும் சட்டப்படி சாலையில் ஓடலாம். ஆனால் விற்கும்போது வாங்குபவர் யோசிப்பார், சில இன்சூரன்ஸ் கம்பெனிகளும் யோசிக்கும். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்துக்கு இணையான வி5சி என்ற ஆவணம் கையில் இல்லாத டோனர் காருக்கு என் கணக்கில் பாதி விலைகூட கிடையாது.

விபத்தில் கழித்த வண்டி என்றால் அதன் வகையைக் கேளுங்கள். 2017 அக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகை. எஸ் என்றால் கட்டமைப்பில் சேதம், என் என்றால் கட்டமைப்பில் சேதமில்லை. இரண்டுமே சரிசெய்து சாலைக்குத் திரும்பக்கூடியவை, டோனருக்கும் ஆகும். பி வகையில் பாகங்களைக் கழற்றி விற்கலாம், ஆனால் கூட்டை நசுக்கியே ஆகவேண்டும். அதை வாங்கிவிட்டு அதன் அடையாளத்தில் கிட் காரைப் பதியலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது ஐ.வி.ஏ. என்ற தனி வண்டி அங்கீகாரச் சோதனை. 2009-ல் பழைய எஸ்.வி.ஏ. சோதனையின் இடத்துக்கு வந்தது இது. டோனரின் வயது இங்கே புகைக் கணக்கில் வந்து நிற்கும். எஞ்சின் 1992 ஆகஸ்டுக்கு முந்தையது என்று நிரூபிக்க முடிந்தால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அளவுகள் கேட்கமாட்டார்கள், 1980-களின் பிற்பகுதி எஞ்சினுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை போகலாம். அதற்குப் பிந்தைய எஞ்சினுக்குக் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். கார்புரேட்டரின் உறிஞ்சும் சத்தத்தில் மனதைப் பறிகொடுத்தவர்கள் இந்தத் தேதியை மறக்கக்கூடாது.

சியரா

முப்பது வருடமாகச் செவன் பாணி வண்டிகளின் ஊற்று ஃபோர்டு சியராதான். 1982 முதல் 1993 வரை வந்த குடும்பக் கார். எஞ்சின் முன்னால், டிரைவ் பின்சக்கரத்தில், பின்னால் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். சட்டகத்தோடு போல்ட் போட்டு நிறுத்த வசதியான, தனியாக நிற்கும் டிஃபரன்ஷியல். டைப் 9 என்ற ஐந்து கியர் பெட்டி. காயலான் கடைகளில் சியராக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த காலத்தில் இதைவிட நல்ல டோனர் இல்லை. அதன் அடிப்படையில் வரைந்த சேஸிகள் இன்றும் கிடைக்கின்றன. நிறையப் பேர் கட்டியிருப்பதால் எந்தச் சந்தேகத்துக்கும் பதில் சொல்ல ஆள் உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சியராவின் இரண்டு லிட்டர் பின்டோ எஞ்சின் முழு இரும்பு. கனம், உயரமும் அதிகம். செவனின் தாழ்ந்த பானட்டுக்குள் அடங்கவேண்டுமென்றால் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை வெட்டிக் குட்டையாக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தடையில் முதலில் தட்டுவது அதுதான். குதிரைசக்தியும் சுமார் 105தான். முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்டரட், அதாவது மேல் விஷ்போனுக்குப் பதில் ஷாக் அப்சார்பரே தூணாக நிற்கும் அமைப்பு என்பதால், ஹப்பைத் தாங்கும் சியராவின் அப்ரைட்டில் மேல் பால் ஜாயின்ட்டுக்கு இடமே கிடையாது. ஸ்டரட் உட்காரும் துளைக்குள் காளான் வடிவ அடாப்டர் ஒன்றை இறக்கி, அதன்மேல் விஷ்போனைப் பிடிக்கவேண்டும். சில சேஸிகள் இதைத் தவிர்க்கப் பழைய ஃபோர்டு கார்ட்டினாவின் அப்ரைட்டைக் கேட்கும், அதில் மேலும் கீழும் பால் ஜாயின்ட் உண்டு. ஸ்டீயரிங் ராக்கும் சியராவுடையது அகலம் அதிகம் என்று எஸ்கார்ட் ராக்கைக் கேட்பவை பல. இப்படிப் பார்த்தால் சியரா அடிப்படை என்று விளம்பரம் செய்யும் கிட்டுக்கு மூன்று கார்களின் பாகங்களைத் தேடவேண்டியிருக்கும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கிட் கம்பெனியிடம் முழுப் பாகப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்.

சியராவை வாங்கும்போது டிஃபரன்ஷியலைக் குனிந்து பாருங்கள். சின்ன எஞ்சின் வண்டிகளில் சிறிய டிஃபரன்ஷியலும் இரண்டு லிட்டரில் 7 அங்குலமும் (உள்ளேயுள்ள பெரிய பல்சக்கரத்தின் விட்டம்) வரும், பெரும்பாலான சேஸிகளுக்கு வேண்டியது 7 அங்குலம். டிரைவ் ஷாஃப்ட்டிலும் இரண்டு வகை. ஒன்று டிஃபரன்ஷியலுக்குள் செருகுவது, மற்றது ஃபிளாஞ்சில் ஆறு போல்ட் போட்டு இறுக்குவது. இரண்டையும் கலக்க முடியாது. பின்பக்கம் டிரம் இருந்தால் தாழ்வாக எண்ணாதீர்கள். இந்த எடைக்கு டிரம் தாராளம், ஹேண்ட்பிரேக்கும் கெட்டியாகப் பிடிக்கும். டிஸ்க் உள்ள சியராக்களின் காலிப்பர் ஹேண்ட்பிரேக்தான் சோதனையில் தடுமாறுவதற்குப் பேர்போனது.

என் மனதை உறுத்துவது வேறொன்று. 1993-ல் உற்பத்தி நின்ற இந்தக் காரில் இன்று மிஞ்சியவை சொற்பம். மிஞ்சியவற்றையும் ஆசையாகப் பராமரிக்கிறார்கள். நல்ல நிலையில் ஓடும் சியராவை வெட்டி இன்னொரு கார் செய்வது எனக்கு ஒப்பவில்லை. கழற்றி வைத்த பாகங்களை யாராவது மொத்தமாக, பதிவுப் புத்தகத்தோடு விற்றால், அல்லது கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட கிட் கிடைத்தால் சியரா இன்றும் நல்ல வழி. புதிதாக ஒரு சியராவைத் தேடிப் போய் அறுக்க வேண்டாம்.

எம்எக்ஸ்-5

இன்று முதல்முறை கட்டுகிறவருக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் இடம் என்று தயங்காமல் சொல்வேன். 1989-ல் வந்தது, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பிறவியிலேயே ஸ்போர்ட்ஸ் கார். நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன், எனவே அப்ரைட்டில் மேலும் கீழும் பிடிப்பு உண்டு, அடாப்டர் வேண்டாம். நான்கிலும் டிஸ்க். முதல் தலைமுறையின் 1.6 எஞ்சின் சுமார் 115 குதிரைசக்தி, 1993-க்குப் பின் வந்த 1.8 சுமார் 130. ஹப், ராக், டிஃபரன்ஷியல், எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், மீட்டர் என்று ஒரே வண்டியிலிருந்து எல்லாம் வருவதால் பதிவு எண் சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்தக் காரின் பலவீனமே நமக்குச் சாதகம். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். எம்எக்ஸ்-5-ன் கதவுக்குக் கீழேயுள்ள சில் பகுதியும் பின் வீல் ஆர்ச்சும் உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சட்டகமும் சேர்ந்து அரிக்கும். வெல்டிங் செலவு வண்டியின் விலையைத் தாண்டுவதால் வருடாந்திரச் சோதனையில் தேறாத வண்டிகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கூடு போயிருக்கும், எஞ்சினும் கியர்பாக்ஸும் கிண்ணென்று இருக்கும். தூக்கி எறியப்படவிருந்த வண்டியின் நல்ல பாகங்களுக்கு இன்னொரு வாழ்க்கை கிடைக்கிறது. இதற்குத்தான் கிட் கார் என்பது என் கட்சி.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை சில. 1991-ன் நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்மூக்கு குட்டை. முன் புல்லி ஆட்டம் கண்டு அதைப் பூட்டி வைக்கும் சாவிக்கட்டையைத் தின்றுவிடும். எஞ்சினை ஓடவிட்டுப் புல்லியை நேராகப் பாருங்கள், தள்ளாடினால் விலகுங்கள். 1995-க்குப் பின் பிரிட்டனில் விற்ற மலிவு 1.6, சுமார் 90 குதிரைசக்திக்குக் குறைக்கப்பட்டது. 1.6-ன் டிஃபரன்ஷியல் சிறியது, 1.8-ல் வந்தது 7 அங்குலம். முன் டிஸ்க்கும் 1.6-ல் 235 மி.மீ., 1.8-ல் 255 மி.மீ. பின்னாளில் டர்போ ஆசை வரும் என்று தோன்றினால் 1.8-ஐயே தேடுங்கள். இரண்டாம் தலைமுறை என்றால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இருக்கும்: சாவி, எஞ்சின் கணினியான இசியு, இம்மொபிலைசர் பெட்டி மூன்றும் ஒரே வண்டியுடையதாக உங்கள் கைக்கு வரவேண்டும். சாவி தொலைந்த வண்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எம்எக்ஸ்-5-ல் பலரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியல் வரை நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று ஓடும். கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்குவதும், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பாமல் பிடிப்பதும் அதுதான். எம்எக்ஸ்-5-ன் சப்ஃபிரேம்களை அப்படியே வைத்துக் கட்டும் எக்ஸோசெட் போன்ற கிட்களில் அந்தச் சட்டமும் கூடவே வரும், பிரச்சினை இல்லை. கியர்பாக்ஸ் உட்காரும் நடு டனல் குறுகலாக உள்ள செவன் பாணிச் சேஸியில் அதற்கு இடமிருக்காது. அப்போது கியர்பாக்ஸைத் தாங்கத் தனி மவுண்ட், டிஃபரன்ஷியல் மூக்கைப் பிடிக்கத் தனி பிராக்கெட், இரண்டும் சேஸியில் இருக்கவேண்டும். கிட்டைப் பார்க்கப் போகும்போது அந்த பிராக்கெட்டைக் காட்டச் சொல்லி, எத்தனை மி.மீ. தகடு, எங்கே வெல்டு என்று பாருங்கள். இது மெலிசாக இருந்தால் முறுக்குவிசை முழுவதும் புஷ்களின் மேல் விழும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்கும்.

கழற்றும்போது இன்னொரு தொல்லை. சஸ்பென்ஷன் ஆர்ம்களின் அலைன்மென்ட் போல்ட்கள் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். பெனட்ரேட்டிங் ஆயிலும் சூடும் கொடுத்துப் பார்க்கலாம், கடைசியில் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். கிட்டின் சொந்த விஷ்போன்களைப் போடுவதாக இருந்தால் கவலையே இல்லை, ஆர்மோடு சேர்த்து வெட்டி எறியலாம். டோனரின் ஆர்ம்களையே கேட்கும் கிட் என்றால் இந்த வேலைக்கு நேரமும் பணமும் தனியாக ஒதுக்குங்கள்.

கியர் கணக்கு

இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கக் கியர் விகிதங்களைவிட நல்ல இடமில்லை. சியராவின் நான்கு சிலிண்டர் டைப் 9 பெட்டி: முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97, மூன்றாவது 1.37, நான்காவது 1.00, ஐந்தாவது 0.82. எம்எக்ஸ்-5 ஐந்து கியர் பெட்டி: 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. டிஃபரன்ஷியல் எம்எக்ஸ்-5 1.6-ல் 4.30, 1.8-ல் 4.10. சியராவில் அடிக்கடி கையில் சிக்குபவை 3.62, 3.92.

185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.81 மீட்டர் ஓடும். 3.92 டிஃபரன்ஷியலோடு சியரா பெட்டியைப் போட்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் முதல் கியர் மணிக்கு 46 கி.மீ. வேகத்திலேயே முடிந்துவிடும். 1100 கிலோ காரை, ஐந்து பேரோடு மேட்டில் கிளப்புவதற்காக வைத்த கியர் அது. 650 கிலோ வண்டியில் கிளட்சை விட்ட மாத்திரத்தில் அடுத்த கியர் கேட்கும். இரண்டாவதுக்கு மாற்றினால் சுற்று 3240-க்கு விழும். எம்எக்ஸ்-5 1.6-ல் முதல் கியர் 7000 சுற்றில் 56 கி.மீ. வரை இழுக்கும், இரண்டாவதுக்கு மாற்றினால் 4200-ல் நிற்கும், எஞ்சின் பலம் குறையாத இடத்தில். வளைந்த கிராமச் சாலையில் ஓட்டும் இன்பம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சியரா பெட்டியை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்ய விரும்புகிறவர்கள் வி6 மாடலின் பெட்டியைத் தேடுவார்கள், அதில் முதல் கியர் 3.36.

நெடுஞ்சாலையில் கணக்கு தலைகீழாகிறது. மணிக்கு 70 மைல், அதாவது 112 கி.மீ. வேகத்தில் 3.62 டிஃபரன்ஷியலோடு சியரா 3050 சுற்றில் நிதானமாகப் போகும். எம்எக்ஸ்-5 1.6 அதே வேகத்தில் 3600. கதவும் கூரையும் இல்லாத வண்டியில் அந்த 550 சுற்று காதுக்கு நன்றாகத் தெரியும். தினமும் நெடுஞ்சாலையில் போகப்போகிறவர் இதை யோசிக்கவேண்டும். ஆனால் தினமும் நெடுஞ்சாலையில் போக யாரும் செவன் கட்டுவதில்லை.

எடை செய்யும் வேலை

டோனர் பாகங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. ஒரு சக்கரம், டயர், ஹப், பிரேக் எல்லாம் சேர்த்து 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1100 கிலோ காரில் ஒரு மூலையின் பங்கு 275 கிலோ, அதில் 35 என்பது 13 சதவீதம். 650 கிலோ வண்டியில் மூலைக்கு 162 கிலோ, அதே 35 இப்போது 21 சதவீதத்துக்கு மேல். குழியில் சக்கரம் எகிறும்போது சட்டகத்தையும் சேர்த்து உதறும். ஹப்பை மாற்ற முடியாது, ஆனால் ரிம்மையும் டயரையும் மாற்றலாம். 16, 17 அங்குல அலாய் வீலை அழகுக்காக மாட்டாமல் 13 அல்லது 14 அங்குல லேசான ரிம்மில் நில்லுங்கள், பிரேக் காலிப்பர் இடிக்காதவரை. சியராவின் நான்கு போல்ட் வட்டம் 108 மி.மீ., எம்எக்ஸ்-5-ன் வட்டம் 100 மி.மீ. பின்னதற்கு லேசான ரிம்கள் அதிகம் கிடைக்கும்.

பிரேக்கில் எடை நமக்கு உதவுகிறது. டோனரின் டிஸ்க்கே போதும், பெரிய பிரேக் கிட் எதுவும் வேண்டாம். பார்க்க வேண்டியது முன்-பின் பங்கீடு. ஐ.வி.ஏ. சோதனையில் முன்சக்கரம் முதலில் லாக் ஆகவேண்டும், பின்சக்கரம் முந்தக்கூடாது. டோனரின் பங்கீட்டு வால்வு அதன் சொந்த எடைக்குச் செய்தது என்பதால் புது வண்டியில் சோதித்துத்தான் முடிவு செய்ய முடியும். செவன் சேஸியில் வேக்குவம் சர்வோவுக்கு இடமில்லாததால் பெடல் அழுத்தமாக இருக்கும், சிறிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டர் போட்டால் கால் பழகிவிடும்.

ஸ்டீயரிங்கில் எடை பாதகம். கனமான மூக்குக்கு அமைத்த கோணங்கள் லேசான மூக்கில் ஸ்டீயரிங்கைத் தானாக நடுவுக்குத் திருப்புவதில்லை. ஐ.வி.ஏ.-யில் இதற்காகவே திருப்பி அனுப்பப்பட்ட வண்டிகள் ஏராளம். காஸ்டரை, அதாவது முன்சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாயும் கோணத்தை, கூட்டித் திருத்த வேண்டும். மேல் விஷ்போனில் காஸ்டர் அட்ஜஸ்ட் செய்யும் வசதி உள்ள கிட்டாகப் பார்த்து வாங்கினால் இந்த இடத்தில் பெருமூச்சு விட வேண்டியதில்லை.

மற்ற வழிகள்

எஸ்கார்ட் இரண்டாம் தலைமுறை, 1975 முதல் 1980 வரை வந்தது, பின்னால் லைவ் ஆக்ஸில், அதாவது இரு சக்கரமும் டிஃபரன்ஷியலும் ஒரே துண்டாக அசையும் அச்சு. பழைய செவனின் அசல் உணர்வு இதில்தான். லைவ் ஆக்ஸில் மட்டமானது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2013-ல் கேட்டர்ஹாம் 660 சிசி சுசுகி எஞ்சினோடும் சுசுகி லைவ் ஆக்ஸிலோடும் 490 கிலோவில் ஒரு செவன் கொண்டுவந்தது, சமதளச் சாலையில் அருமையான வண்டி அது. எளிமை, குறைந்த மொத்த எடை, சக்கரக் கோணம் மாறாத தன்மை எல்லாம் உண்டு. ஆனால் எஸ்கார்ட்டை ராலி ஓட்டுகிறவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அதன் அச்சு மட்டுமே கேட்கும் விலைக்கு ஒரு முழு எம்எக்ஸ்-5 வரும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று கிடந்தால் ஒழிய இந்தப் பக்கம் போகவேண்டாம்.

மோட்டார்சைக்கிள் எஞ்சின் இன்னொரு ஆசை. 1999-ல் வந்த சுசுகி ஹயபூசாவின் 1299 சிசி எஞ்சின், ஆறு கியர் பெட்டியோடு சேர்த்தே பின்டோவைவிட எவ்வளவோ லேசு. ஆனால் ரிவர்ஸ் கிடையாது, தனிப் பெட்டியோ மின்மோட்டாரோ வைக்கவேண்டும். அதைவிட முக்கியம் ஆயில். பைக் வளைவில் சாயும், ஆயில் சம்ப்பின் அடியிலேயே இருக்கும். கார் சாயாது, நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும், பேரிங் போய்விடும். தடுப்புத் தகடுள்ள சம்ப்போ, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்போ இல்லாமல் ஓட்டக்கூடாது. டிராக்குக்குச் சரி. டிஃபரன்ஷியலுக்கும் ஹப்புக்கும் எப்படியும் இன்னொரு கார் வேண்டும், ஆக இது டோனர் கேள்விக்கு முழு விடையும் அல்ல.

எல்லாப் பாகங்களையும் புதிதாக வாங்குவது பணமிருந்தால் சுகம். துரு இல்லை, அழுக்கு இல்லை, முழங்கை வரை கிரீஸ் இல்லை. செலவு டோனர் வழியைப் போலப் பலமடங்கு ஆகும். என்னைக் கேட்டால் டோனரைக் கழற்றும்போது கற்றுக்கொள்வதுதான் பின்னால் வண்டியைப் பராமரிக்கக் கைகொடுக்கிறது. இங்கே ஒரு நடுவழி உண்டு, அதையே நான் பரிந்துரைப்பேன்: டோனரின் இரும்பை வைத்துக்கொள்ளுங்கள், ரப்பரையும் உராய்வுப் பாகங்களையும் புதிதாக்குங்கள். வீல் பேரிங், பால் ஜாயின்ட், புஷ், பிரேக் ஹோஸ், பிரேக் பைப், காலிப்பர் சீல், பெட்ரோல் ஹோஸ், கிளட்ச், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் எல்லாம் புதிது. டோனரின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இந்த எடைக்கு ஒத்துவராது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் குட்டையாக்க வேண்டியிருந்தால் பேலன்ஸ் செய்து தரும் பட்டறையில் கொடுங்கள், கராஜில் அறுத்து வெல்டு வைக்காதீர்கள். ஐந்தாயிரம் சுற்றில் உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் சுழலும் பாகம் அது. எம்எக்ஸ்-5-ன் பின் காலிப்பரில் ஹேண்ட்பிரேக் பொறி இறுகியிருக்கும், புதுப்பித்த காலிப்பர் ஜோடி வாங்கிவிடுவது நல்லது.

எதை எடுப்பது?

முதல் வண்டி, ஒரே டோனர், வார இறுதிகளில் வேலை என்றால் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 1.8. கன்வர்ட்டர் தொல்லையைத் தவிர்க்க நினைப்பவருக்கு 1992-க்கு முந்தைய 1.6, புல்லியைப் பார்த்து. கார்புரேட்டரும் நீளமான ஐந்தாவது கியரும் வேண்டும், பாகங்கள் ஏற்கெனவே காகிதத்தோடு கைவசம் இருக்கின்றன என்றால் சியரா. வெல்டிங்கில் தேர்ந்தவர், சொந்தமாகச் சேஸி கட்டப்போகிறவர் எந்த டோனரையும் எடுக்கலாம், பதிவு விதிகளை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன.

சேஸியை வாங்கிவிட்டு டோனரைத் தேடுவது தாலி கட்டியபின் ஜாதகம் பார்ப்பது போலத்தான். முதலில் ஓடும் நிலையில் உள்ள டோனர். இழுத்து வரும் வண்டியைவிட ஓடிவரும் வண்டிக்குச் சில நூறு பவுண்டு கூடக் கொடுக்கலாம், அது வீணல்ல. இரண்டு வாரமாவது ஓட்டுங்கள். டிஃபரன்ஷியல் முனகுகிறதா, இரண்டாவது கியர் சூடாகும் முன் அடம்பிடிக்கிறதா, நிற்கும்போது கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் சொட்டுகிறதா, ஐந்தாவதில் மேடேறும்போது புகை வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டி தரையில் நான்கு துண்டாகக் கிடக்கும்போது இவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. வயரிங்கைக் கழற்றும்போது ஒவ்வொரு கனெக்டருக்கும் துணி டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படமெடுங்கள். எஞ்சின் எண், சேஸி எண் பலகை, பதிவுப் புத்தகம், வாங்கிய ரசீது எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். டி.வி.எல்.ஏ. கேட்பது அந்த உறையைத்தான். மிச்சக் கூட்டைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் கதவு, கண்ணாடி, சீட், ஹார்டுடாப் எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். எம்எக்ஸ்-5 ஓட்டுகிறவர்கள் அவற்றைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள், டோனருக்குக் கொடுத்த பணத்தில் நல்ல பங்கு அதிலேயே திரும்பி வரும்.